பல் முளைத்த பொம்மை: முராகாமியின் மிஸ்டர் டோப், ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட விஷயம்

குழந்தைகளுக்கான கார்ட்டூன் உருவத்தை எடுத்து அதில் சாவையும் பயத்தையும் கலக்கும் ஓவியர்கள் இன்று ஏராளம். பாதிப் பேர் செய்வது சுலபமான வேலை. ஒரு கரடி பொம்மையை வரை, வாயோரம் ரத்தம் வை, முடிந்தது. பார்ப்பவர் ஒரு நொடி திடுக்கிடுவார், அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ஜப்பானியரான தகாஷி முராகாமி அந்த ரகமா இல்லையா என்று விமர்சகர்கள் இன்றும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பாணியின் நல்லது கெட்டது இரண்டும் அவரிடம் பெரிய அளவில் கிடைப்பதால் ஆய்வுக்கு அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய மொத்த வேலையையும் பார்க்கப் போனால் தொலைந்துவிடுவோம். ஓவியம், சிலை, கைப்பை, மெத்தைத் தலையணை, சாவிக்கொத்து, சினிமா என்று மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. அதனால் ஒரே ஒரு உருவத்தைப் பின்தொடர்வோம். அதன் பெயர் மிஸ்டர் டோப். 1993 வாக்கில் பிறந்தது. 1996-ல் பல்லைக் காட்டியது. 2002-ல் வாந்தி எடுத்தது. 2011-ல் ஜப்பானைச் சுனாமி தாக்கிய பிறகு முராகாமி தன் வாழ்நாளின் மிகப் பெரிய ஓவியத்தைத் தொடங்கியபோது, மைய இடத்தை இதற்குக் கொடுக்கவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவருடைய நல்ல ஓவியங்களில் மேலே இனிப்பு, உள்ளே கசப்பு என்ற அமைப்பே கிடையாது. இரண்டையும் வரைவது ஒரே கோடு. அந்தக் கோடு, அம்மா சொல்லிக் கேட்ட பேரழிவைத் தாங்கியது. கண் முன்னால் நடந்த பேரழிவு என்று வந்தபோது அது போதவில்லை.

வரைபவர் யார்

முராகாமி 1962-ல் டோக்கியோவில் பிறந்தவர். இளம் வயதில் அனிமேஷன் படம் செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. அது நடக்கவில்லை. டோக்கியோவின் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நிஹோங்கா படித்தார். 1993-ல் அதிலேயே முனைவர் பட்டமும் வாங்கினார்.

நிஹோங்கா என்பது கல்லை அரைத்த நிறப்பொடி, விலங்குப் பசை, பொன் தாள், பட்டு, காகிதம் என்று வேலை செய்யும் ஜப்பானிய மரபு ஓவியம். மெய்ஜி காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் உள்ளே வந்தபோது, 'இது நம்முடையது' என்று பிரித்துக் காட்ட உருவான வகை அது. பூ, பறவை, மலை, பனி. கார்ட்டூன் வரைந்து பேர் வாங்கியவர் இந்தப் படிப்பைப் பதினொரு வருடம் படித்திருக்கிறார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அவருடைய பரப்புகள் ஏன் அத்தனை நிதானமாக, அத்தனை வழவழப்பாக இருக்கின்றன என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு தகவல் இதைவிட முக்கியம். அவருடைய அம்மாவின் ஊர் கொக்குரா. 1945 ஆகஸ்ட் 9 காலை, இரண்டாவது அணுகுண்டைச் சுமந்துகொண்டு 'பாக்ஸ்கார்' என்ற பி-29 விமானம் முதலில் வந்தது கொக்குராவுக்குத்தான். அங்கே பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அன்று ஊரை மேகமும் புகையும் மூடியிருந்தன. விமானம் மூன்று முறை சுற்றியும் இலக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வர, விமானி இரண்டாவது இலக்குக்குத் திருப்பினார். அந்த இரண்டாவது இலக்குதான் நாகசாகி. அந்த வருட முடிவுக்குள் அங்கே சுமார் 70,000 பேர் இறந்ததாகக் கணக்கு.

அன்றைக்கு வானம் தெளிவாக இருந்திருந்தால் நீ பிறந்திருக்க மாட்டாய் என்று அம்மா அவரிடம் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். முராகாமி இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரு மேகத்தால் பிழைத்த குடும்பம், அந்த மேகத்தாலேயே செத்த இன்னொரு ஊர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டு வளர்ந்த பையன் அவர். அவருடைய ஓவியங்களில் மேகமும் காளானும் சிரித்த முகமும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது இது மனதில் இருக்கட்டும். எல்லாவற்றையும் இந்த ஒரு கதையில் கொண்டுபோய்க் கட்டிவிடவும் வேண்டாம். வாழ்க்கைக் கதையைச் சாவியாக வைத்து ஓவியத்தைத் திறக்கிற பழக்கம் பாதி நேரம் பூட்டையே உடைத்துவிடுகிறது.

டோப் பிறந்த விதம்

எண்பதுகளில் பொங்கிய ஜப்பானின் நிலம், பங்குச்சந்தை வீக்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உடைந்தது. அந்த நேரத்தில் அங்கே இளம் கலைஞர்களுக்கு அமெரிக்கக் கலையில் மோகம். நியூயார்க்கில் வார்த்தைகளையே கலையாக்கிச் சுவரில் ஒட்டினால் இங்கேயும் ஒட்டுவார்கள். முராகாமிக்கு இது எரிச்சல். அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் எழுதிப் பலகையாக வைத்தார். பாதி ஒரு பழைய காமிக்ஸின் உளறல் பேச்சு, மீதி ஒரு நகைச்சுவை நடிகரின் வாடிக்கை வசனம். அதன் முதல் மூன்று எழுத்துகள்தான் டி, ஓ, பி. அப்புறம் அந்த மூன்று எழுத்துக்கும் உடம்பு கொடுத்தார். ஒரு காதில் டி, மறு காதில் பி, நடுவில் இருக்கும் முகமே ஓ. கிண்டலாகத் தொடங்கிய பலகை இப்படித்தான் பொம்மையானது.

உருவம் எலியா குரங்கா என்று சொல்ல முடியாது. மிக்கி மவுஸ் இருக்கிறது, டோரேமான் இருக்கிறது, வீடியோ கேமின் சோனிக்கும் எட்டிப் பார்க்கிறது. பெரிய தலை, பெரிய கண், சின்ன உடம்பு. இந்த அளவுகளுக்கு ஒரு விஞ்ஞான வரலாறு உண்டு. மனிதர்களை உடனே கொஞ்சத் தூண்டுவது குழந்தை முகத்தின் விகிதங்கள்தான் என்று கோன்ராட் லோரென்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1943-ல் எழுதினார். (அவர் அப்போது நாஜிக் கட்சி உறுப்பினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கொஞ்சல் பற்றிய கோட்பாடு எந்த ஊரில், எந்த ஆண்டில் பிறந்திருக்கிறது பாருங்கள்.) பிறகு உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் மிக்கி மவுஸின் தலையையும் கண்ணையும் அளந்தே பார்த்தார். தொடக்கத்தில் மிக்கி ஒல்லியான, குறும்புக்காரப் போக்கிரி. ஆண்டுகள் போகப் போகத் தலையும் கண்ணும் பெருத்தன, குணமும் சாதுவானது. அந்த எலி வயதாக ஆகக் குழந்தையாகிக்கொண்டே போனது.

டோப் போனது நேர் எதிர்த் திசையில். பிறக்கும்போது சாது. வருடங்கள் போகப் போகக் கண்கள் ஒன்று பலவாகின, வாய் பிளந்தது, பல் முளைத்தது. மிக்கியின் ஐம்பது வருடப் பயணத்தைப் பின்னோக்கி ஓட்டினால் என்ன கிடைக்கும் என்று யாரோ சோதித்தது போல இருக்கிறது. முராகாமி கூல்டைப் படித்தாரா என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. கொஞ்சத் தூண்டும் விகிதங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அளவுக்கு மேல் தள்ளினால் அரக்கன் வருகிறது. பெரிய கண் அழகு, பன்னிரண்டு பெரிய கண்கள் பயம். அகலமான சிரிப்பு அழகு, காதைத் தாண்டிப் போகிற சிரிப்பு பயம். வெளியிலிருந்து எந்த இருட்டையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அழகுக்குத் தேவையான சரக்கே அளவு மிஞ்சினால் போதும். ரத்தம் வைத்த கரடி பொம்மையிலிருந்து டோப் பிரிகிற இடம் இது.

'727': கிட்டத்தில் போய்ப் பார்த்தால்

1996-ல் வரைந்த '727' இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று பலகைகள் சேர்ந்து கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று போயிங் விமானம். இன்னொன்று, புல்லட் ரயிலில் போகும்போது வயல்களுக்கு நடுவே தெரியும் ஓர் அழகுசாதன நிறுவனத்தின் விளம்பரப் பலகை எண். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது முராகாமிக்குப் பிடித்த நிலைதான்.

நடுவில் டோப், ஒரு சுருண்ட வெள்ளை மேகத்தின் மேல் சவாரி செய்கிறது. மேகம் என்று சிலர் சொல்வார்கள், அலை என்று சிலர். 19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் அதன் வேர் இன்னும் பழையது. ஷிகி மலையின் அற்புதங்களைச் சொல்லும் 12-ஆம் நூற்றாண்டுச் சுருள் ஓவியம் ஒன்றில், நோயாளிப் பேரரசரைக் குணப்படுத்த ஒரு தெய்வச் சிறுவன் வானத்தில் பறந்து வருகிறான். பின்னால் புகை போல மேகம் நீள்கிறது. அந்தச் சிறுவன் உடுத்தியிருப்பது வாள்களால் ஆன அங்கி. உடம்பெல்லாம் கூர்முனை, முகம் குழந்தை முகம். எண்ணூறு வருடத்துக்கும் முந்தைய ஓவியன் அந்தச் சேர்க்கையை யோசித்துவிட்டான். முராகாமியைப் புதுமை என்று கொண்டாடுகிறவர்களும் சீரழிவு என்று திட்டுகிறவர்களும் இந்த ஒரு சுருளைப் பார்த்தால் கொஞ்சம் அடங்கிவிடுவார்கள்.

இப்போது பின்னணிக்கு வருவோம். அச்சுப் புத்தகத்தில் பார்த்தால் தேய்ந்த சுவர் போல ஏதோ ஒரு நிறக் கலவை, அவ்வளவுதான். கிட்டத்தில் வேறு கதை. அடுக்கடுக்காக அக்ரிலிக் பூசி, காய்ந்த பிறகு தேய்த்தும் சுரண்டியும் கீழ் அடுக்குகளை அங்கங்கே வெளியே விட்டிருக்கிறார். துரு, பாசி, பழைய பொன் தாள் உரிந்த மடிப்புத் திரை என்று ஒவ்வொரு கைப்பிடி அளவு இடத்திலும் ஒவ்வொரு நிறம் கசிகிறது. பதினொரு வருட நிஹோங்கா அந்தச் சுரண்டலில் இருக்கிறது. அந்த அழுக்குப் படிந்த, வயதேறிய பரப்பின் மேல், நேற்று அச்சடித்த ஸ்டிக்கர் போல வழவழவென்று டோப். கண்கள் மூன்று நான்கு திசைகளில் சுழல்கின்றன. சிரிப்புக்குள் ரம்பப் பற்கள்.

அந்தப் பற்களைச் சுற்றியிருக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். காதைச் சுற்றியிருக்கும் அதே கோடு. தடிமன் மாறவில்லை, நடுங்கவில்லை, அழுத்தம் கூடவில்லை. ஸ்பெயின் ஓவியர் கோயா கொடுமையை வரையும்போது அவருடைய தூரிகை வேறு மாதிரி ஓடும். பிரிட்டிஷ் ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கன் வரைந்த அலறும் முகங்களில் வண்ணமே பிய்ந்து தொங்கும். வரைகிறவனின் கை கலங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதில் ஓர் ஆறுதலும் உண்டு. முராகாமி அந்த ஆறுதலைத் தருவதில்லை. தொழிற்சாலையில் வெட்டியெடுத்த மாதிரி அதே கோடு, சிரிப்புக்கும் பல்லுக்கும் எச்சிலுக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த ஓவியத்தில் பயமூட்டும் விஷயம் பல் இல்லை, இந்தக் கோடுதான்.

உண்மையிலேயே தொழிற்சாலைதான். 1996-ல் அவர் தொடங்கிய பட்டறைக்கு 'ஹிரோபோன் ஃபேக்டரி' என்று பெயர் வைத்தார். ஹிரோபோன் என்பது போர்க்காலத்தில் ஜப்பானில் சிப்பாய்களும் தொழிலாளர்களும் தூக்கத்தைத் தள்ளிப்போட விழுங்கிய மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரையின் வணிகப் பெயர். 2001-ல் அதுவே 'கைகாய் கிகி' என்ற நிறுவனமானது. கையால் போட்ட வரைவு கணினிக்குப் போகும், அங்கே வளைவுகள் திருத்தப்படும், பட்டுத்திரை அச்சாகத் திரும்பி வரும், உதவியாளர்கள் மணிக்கணக்கில் நிரப்புவார்கள். வேலை செய்தவர்கள் பெயரை ஓவியத்தின் பின்புறம் எழுதிவைப்பது வழக்கம். பழைய ஐரோப்பியப் பட்டறைகளில் இந்த மரியாதைகூடக் கிடைத்ததில்லை.

காளான், மண்டையோடு, வாந்தி

1999-ல் காளான்கள் வந்தன. 'சூப்பர் நோவா' என்ற பத்து மீட்டர் நீள ஓவியத்தில் வரிசையாகக் காளான்கள், அவற்றின் மேலெல்லாம் கண்கள். எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஓவியர் இத்தோ ஜகுச்சூ வரைந்த காய்கறிகளும் பூச்சிகளும் அதற்கு முன்னோடி. ஆனால் ஜப்பானில் காளான் என்று வரைந்தால் இன்னொரு காளானும் கூடவே வந்துவிடும். 2001-ல் 'டைம் போகான்' என்ற வரிசையில் அதை நேரடியாகவே வைத்தார்: மண்டையோட்டு வடிவில் காளான் மேகம், ஒரே நிறப் பின்னணி. எழுபதுகளில் குழந்தைகள் பார்த்த தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரிலிருந்து எடுத்தது அது. வில்லன்களின் வண்டி வெடித்ததும் அந்த மண்டையோட்டு மேகம் எழும், குழந்தைகள் சிரிப்பார்கள். ஹிரோஷிமாவுக்கு முப்பது வருடம் கழித்து, மாலை நேர நகைச்சுவை. முராகாமி அதில் எதையும் சேர்க்கவில்லை. எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியதோடு சரி.

2000-ல் 'சூப்பர்ஃபிளாட்' என்ற கண்காட்சியும் அதோடு ஒரு கட்டுரையும் வந்தன. எடோ காலத்து விசித்திர ஓவியர்களையும், யோஷினோரி கனடா என்ற அனிமேட்டர் வரைந்த வெடிப்புக் காட்சிகளையும் அவர் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆழம் கிடையாது, மேல்தட்டுக் கலை கீழ்த்தட்டுக் கலை என்ற பிரிவும் கிடையாது, எல்லாம் ஒரே தளம் என்பது வாதம். வாதத்தின் தத்துவப் பகுதி எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் வெடிப்பை மட்டும் வரைந்து பேர் வாங்கிய அனிமேட்டர்கள் இருக்கும் நாடு எது, ஏன் என்று கேட்டது நல்ல கேள்வி.

2002-ல் 'டான் டான் போ வாந்தியெடுக்கிறது' வருகிறது. நான்கு பலகை, 3.6 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் அகலம். பெயர், ஷிகேரு மிசுகியின் பேய்க் காமிக்ஸில் வரும் கோழை துப்பும் ஒரு பூதத்துடையது. மிசுகி இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவில் இடது கையை இழந்தவர். மீதிக் கையால் வாழ்நாள் முழுக்கப் பேய்களை, அதுவும் பாசத்தோடு, வரைந்தவர். கார்ட்டூனும் போரும் ஒரே ஆளின் உடம்பில் சேர்ந்திருந்தன என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

ஓவியத்தில் இருப்பது டோப்தான், ஆனால் தலை மலை மாதிரி வீங்கியிருக்கிறது. எங்கெங்கோ கண்கள். பற்களுக்கு இடையிலிருந்து பல நிறத்தில் வழிகிறது. வழிவதும் அழகாக இருக்கிறது, அதுதான் சங்கடம். சொட்டுகள் ஒவ்வொன்றும் மிட்டாய் போல மினுங்குகின்றன, ஓரக்கோடு துல்லியம், நிறப் பொருத்தம் பிரமாதம். பொம்மைக் கடை முழுவதையும் விழுங்கிய ஒரு பொம்மை அத்தனையையும் வெளியே தள்ளுகிறது. பத்து வருடமாக டோப் மேல் ஏற்றிய எல்லாமும், டி-ஷர்ட்டும் ஊதல் பொம்மையும் உட்பட, திரும்பி வருகிறது. முராகாமியின் ஆகச்சிறந்த ஓவியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

'லிட்டில் பாய்', மறுதரப்பு வாதம்

2005-ல் நியூயார்க்கில் ஜப்பான் சொசைட்டியில் முராகாமி ஒரு கண்காட்சியைத் தொகுத்தார். பெயர் 'லிட்டில் பாய்'. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கு அமெரிக்க ராணுவம் வைத்த செல்லப்பெயர் அது. காட்ஸில்லா, ஹலோ கிட்டி, ஊர் ஊராக இருக்கும் அரசாங்கப் பொம்மைகள், ஓவியர் யோஷிடோமோ நாராவின் கோபக்காரச் சிறுமிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1983-ல் ஒசாகா அறிவியல் புனைகதை மாநாட்டுக்காக அமெச்சூர் ரசிகர்கள் கையால் செய்த ஒரு குறும்படமும் இருந்தது. முயல் உடை போட்ட பெண் பறந்து பறந்து சண்டை போடுகிறாள், திடீரென்று நகரம் முழுக்க அணுகுண்டு போன்ற ஒளியில் அழிகிறது, அப்புறம் பூவிதழ்கள் பறந்து உலகம் புதிதாக முளைக்கிறது. போரைப் பார்த்தே இராத பிள்ளைகள் செய்த படம்.

போரில் தோற்ற நாடு, ஆயுதம் மறுக்கப்பட்ட நாடு, அமெரிக்காவின் மடியில் உட்கார்ந்து வளராமலே நின்றுபோன குழந்தை. அந்தக் குழந்தைத்தனம்தான் கவாயி (கொஞ்சத் தூண்டும் அழகு) பொம்மைகளாகவும் வெடிக்கும் நகரங்களாகவும் வெளியே வருகிறது என்பது முராகாமியின் வாதம். ஓவியங்களை விளக்க இது நன்றாக உதவுகிறது. சரித்திரமாக எடுத்துக்கொண்டால் ஓட்டை தெரிகிறது.

அந்தக் குழந்தை குண்டு விழுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது? கொரியாவையும் சீனாவையும் கேட்டால் பதில் நீளும். நம்மிடமும் பதில் உண்டு. 1942–43-ல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் அந்தப் பேச்சு இருக்கிறது. ஜப்பானை வாயில்லாத வெள்ளைப் பூனையாகவும் காயம்பட்ட சிறுவனாகவும் காட்டும் படத்தைப் பார்க்கும்போது, அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வராது. கவாயியின் இருண்ட பக்கம் என்று சொல்ல வேண்டுமானால், நான் இதைத்தான் சொல்வேன்: குழந்தையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்தக் குறையை ஜப்பானிலும் வெளியிலும் விமர்சகர்கள் அப்போதே எழுப்பினார்கள். நியூயார்க் பார்வையாளருக்கு ஏற்ற மாதிரி ஜப்பானை விசித்திரப் பொருளாக்கி விற்கிறார் என்ற குற்றச்சாட்டும் வந்தது. இரண்டாவதற்கு அவரிடம் வெட்கம் எதுவும் இல்லை. விற்பதை அவர் ஒளித்ததே இல்லை.

பை

2003-ல் லூயி வுய்ட்டான் பைகளுக்கு முராகாமி 33 நிறங்களில் வடிவமைப்புச் செய்து கொடுத்தார். பை ஓடியது, போலிகள் உலகத்தின் எல்லா நடைபாதைக்கும் வந்தன. 2007-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த அவருடைய பெரிய கண்காட்சிக்குள்ளேயே நிஜமான வுய்ட்டான் கடை இயங்கியது. அதற்கு முன் 2006-ல், டோபைப் போன்ற எலி உருவங்களைப் பயன்படுத்திய ஒரு குழந்தைகள் ஆடை நிறுவனத்தின் மேல் அவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது, அவருக்குப் பணமும் கிடைத்தது. மிக்கியிலும் டோரேமானிலும் கைவைத்துப் பிறந்த உருவத்துக்குப் பதிப்புரிமை வழக்கு. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அந்தச் செய்தி இன்றும் வேடிக்கைதான்.

பையைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். சிரிக்கும் பூக்கள் பைக்குப் போயின. பல் போகவில்லை. முராகாமியின் பூக்கள் ஓவியத்தில் இருக்கும்போது நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்று மாற்றி ஒன்று சிரித்து, நடுவே ஒன்று அழுது, மூச்சு முட்ட வைக்கும். ஒற்றைப் பூவாகப் பிரித்துத் தலையணையாக்கினால் அது சும்மா ஒரு பூ. அளவு மிஞ்சுவதில்தான் இருட்டு இருக்கிறது என்றால், அளவாக எடுத்து விற்கும்போது இருட்டு தானாகக் கழன்றுவிடுகிறது. விமர்சகர்கள் பாதிப் பேர் பார்த்தது தலையணையை.

2011

மார்ச் 11 அன்று தோஹோகு கடலோரத்தில் நிலநடுக்கம், சுனாமி, பிறகு ஃபுகுஷிமா அணு உலை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 18,000-க்கும் மேல். கதிர்வீச்சு இந்த முறை அம்மா சொன்ன கதையாக வரவில்லை, செய்தியில் ஓடிக்கொண்டிருந்தது. முராகாமி எடுத்தது டோபை அல்ல. ஐந்நூறு அர்ஹத்துகளை.

அர்ஹத்துகள் புத்தரின் ஞானம் பெற்ற சீடர்கள். கிழக்காசியாவில் அவர்களை ஐந்நூறு பேராக வரைவது பழைய மரபு. 1855-ல் எடோவை (இன்றைய டோக்கியோவை) பெரும் நிலநடுக்கம் தாக்கிய காலத்தில் கனோ கசுநோபு என்ற ஓவியர் டோக்கியோவின் ஜோஜோஜி கோயிலுக்காக அவர்களை நூறு சுருள்களில் வரைந்துகொண்டிருந்தார். முடிக்கும் முன்னே இறந்தார், மனைவியும் சீடரும் முடித்தார்கள். கலை வரலாற்றாசிரியர் நோபுவோ சுஜியோடு சேர்ந்து பழைய ஓவியங்களைப் படித்துக்கொண்டிருந்த முராகாமி அதைப் பிடித்துக்கொண்டார். 'ஐந்நூறு அர்ஹத்துகள்' 3 மீட்டர் உயரம், 100 மீட்டர் நீளம். திசைக்காவல் விலங்குகள் நான்கின் பெயரில் நான்கு பகுதிகள். 200-க்கும் மேற்பட்ட கலை மாணவர்கள் வேலை செய்தார்கள். பேரிடருக்கு உதவிய கத்தாருக்கு நன்றியாக, 2012-ல் தோஹாவில் முதலில் காட்டினார். ஜப்பானில் காட்டியது 2015-ல், மோரி அருங்காட்சியகத்தில்.

அதில் இருப்பவர்கள் கிழவர்கள். சுருங்கிய தோல், பிதுங்கிய கண், தொங்கும் புருவம், பல் போன வாய். (இதற்கு முன்பே, 2007-ல், போதிதருமரைப் பெரிய பெரிய முகங்களாக வரைந்திருந்தார். காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் அதே போதிதருமர். கிழவர்களுக்கான ஒத்திகை அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.) கோடு அதே கார்ட்டூன் கோடு, நிறம் அதே அலறல். கொஞ்சத் தூண்டும் விகிதங்கள் மட்டும் காணோம். யாருக்கும் குழந்தை முகம் இல்லை. கடலில் பிணம் எடுத்துக்கொண்டிருக்கும் நாட்டில் பெரிய கண் பொம்மை வாந்தியெடுப்பதை வரைய அவருக்குக் கை வரவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அறுபது வருடம் முந்தைய குண்டைக் குழந்தையின் முகத்தோடு வரையலாம், ஏனென்றால் அவர் அதைக் குழந்தையாக இருந்து கேட்டவர். இது வேறு. இங்கே அவர் பெரியவர், ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்.

இந்த முடிவுக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். தோஹாவில் அர்ஹத்துகளைக் காட்டிய அதே 2012-ன் இறுதியில் ஹாங்காங்கில் ககோசியன் காட்சிக்கூடத்தில் 'பூக்களும் மண்டையோடுகளும்' என்ற கண்காட்சி. சிரிக்கும் பூவும் மண்டையோடும் ஒரே பரப்பில், அழகாக, விற்பனைக்கு. அர்ஹத்துகள் அவரை மாற்றிவிட்டார்கள் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும், ஆனால் அது உண்மையில்லை. பொம்மைக் கடை மூடப்படவில்லை. அந்த மண்டையோடுகள் என்னை ஒன்றும் செய்யவில்லை. பூவையும் மண்டையோட்டையும் தனித்தனியாகச் செய்து பக்கத்தில் வைத்திருக்கிறார். டோபில் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது. அந்த வித்தியாசம் பெரியது.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் போனால் 'தி பிராட்' அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். அர்ஹத்துகளின் தொடர்ச்சியாக அவர் 2014-ல் முடித்த 25 மீட்டர் ஓவியம் அவர்களுடைய சேகரிப்பில் இருக்கிறது. எப்போதும் சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது, கேட்டுவிட்டுப் போங்கள். '727'-க்கு நியூயார்க். இணையத்தில் பார்ப்பவர்கள் டோபின் முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தச் சுரண்டல் கொஞ்சம் தெரியும்.